வெள்ளாவி: பழைய சலவைக் கணக்கில் வரும் ஒரு சொல்லின் பொருள்

சேரன்மகாதேவியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர், தம் தாத்தாவின் மரப்பெட்டியில் கிடைத்த சலவைக் கணக்கு நோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதில் பக்கத்துக்குப் பக்கம் "சாதா 9, வெள்ளாவி 11, கஞ்சி 5" என்பது போன்ற வரிகள் இருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் "கோடி வேட்டி 1, வெள்ளாவி 3" என்று எழுதியிருக்கிறது. வெள்ளாவி என்பது ஒரு துணி வகையா, சலவைக்கே அது இன்னொரு பெயரா, ஒரே ஒரு வேட்டிக்கு எதிரே மூன்று என்ற எண் எப்படி வந்தது என்பவை அவருடைய கேள்விகள். நான் வீரவநல்லூருக்குப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்து, பஞ்சாலையின் துணி பதனிடும் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன். இந்தச் சொல்லை முதலில் ஆற்றங்கரையிலும் பிறகு ஆலையிலும் நெருங்கிப் பார்த்திருக்கிறேன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வெள்ளாவி துணி வகை அன்று. சலவை முழுவதற்கும் உரிய பொதுப்பெயரும் அன்று. காரம் ஏற்றிய ஈரத்துணியை அடுக்கி வைத்து, அடியிலிருந்து எழும் நீராவியில் பல மணி நேரம் வேகவிடும் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கு மட்டுமே அந்தப் பெயர். வெள் என்ற அடியோடு ஆவி என்ற சொல் சேரும்போது, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டும் என்ற விதிப்படி வெள்ளாவி ஆகிறது. வெண்மையைக் கொண்டு வரும் ஆவி என்று பொருள். துவைப்பது, அலசுவது, நீலம் போடுவது, கஞ்சி போடுவது, பெட்டி போடுவது ஆகிய எவையும் வெள்ளாவி ஆகமாட்டா. அவை அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை. இன்று பலர் இந்தச் சொல்லை ஒரு சினிமாப் பாட்டின் வழியாகவே அறிந்திருப்பதால், பளிச்சென்ற வெண்மை என்ற அளவில் அதன் பொருள் நின்றுவிட்டது. அந்த வெண்மை எப்படி வந்தது என்பதைச் சொல்லும் சொல் அது என்பதுதான் மறந்துபோயிற்று.

இதைப் புரிந்துகொள்ள, தறியிலிருந்து இறங்கிய துணி எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் படாத புதுத்துணியைக் கோடி என்கிறோம். வெளுக்காத துணி என்ற பொருளில் காரிக்கன், காடா, கோரா என்ற சொற்களும் கடைகளில் வழங்குகின்றன. பஞ்சு வெள்ளை என்று நாம் சொன்னாலும், காய் வெடித்து வரும் பஞ்சு சுத்தமான வெள்ளை அன்று. நம் கரிசலில் விளைந்த கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்திகளின் நூலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மங்கிய பால் நிறம் தெரியும். பஞ்சிழையில் சுமார் 90 முதல் 95 விழுக்காடு செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். மீதி மெழுகு, பெக்டின், புரதம், சிறிதளவு நிறப்பொருள். இவற்றோடு, பாவு நூல் தறியில் அறாமல் இருப்பதற்காக நெசவாளர் ஏற்றிய கஞ்சிப் பசையும் துணியில் தங்கியிருக்கும்.

இந்த மெழுகை எல்லோரும் அறிவோம், ஆனால் அது மெழுகு என்று அறிய மாட்டோம். புதிதாக வாங்கிய துண்டைக் குளித்துவிட்டு எடுத்துத் துவட்டினால் அது ஈரத்தை உறிஞ்சாமல் உடம்பின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். "கோடித் துண்டு, நாலு தண்ணி கண்டாத்தான் துவட்டும்" என்று என் ஆச்சி சொல்வாள். ஆலையில் நாங்கள் செய்த சோதனையும் இதே விஷயத்தைத்தான் அளந்தது. துணியை விறைப்பாகப் பிடித்து அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். கோடித் துணியில் அந்தச் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் போல முத்தாக நிற்கும். நன்றாக வெந்த துணியில், விட்ட கணத்திலேயே பரவி மறைந்துவிடும். தண்ணீர் உள்ளே போகாத துணியில் வெளுப்பும் உள்ளே போகாது, சாயமும் உள்ளே போகாது. ஆகவே வெள்ளாவியின் முதல் வேலை மெழுகையும் பசையையும் கிளப்பி இழையைத் திறந்துவிடுவதுதான். துணி வெண்மையடைவதில் ஒரு பகுதி இதனாலும், மறுபகுதி இதற்குப் பின் வரும் வெயிலாலும் நிகழ்கிறது.

எங்கள் ஊரில் வெள்ளாவி வைப்பதை நான் பார்த்தது சிறுவனாக இருந்தபோது. ஆற்றுக்குப் போகும் பாதையில் மருத மரத்தின் கீழ் ஒரு மண் அடுப்பு. அதன் மேல் வாய் அகன்ற பெரிய பானை, கழுத்துவரை மண்ணால் பூசிப் பதிக்கப்பட்டிருக்கும். எங்கள் தெருவுக்கு வெளுத்த பெரியவரும் அவருடைய மனைவியும் பிற்பகலிலேயே துணிகளைப் பிரித்து, உவர்மண் கரைத்துத் தெளிய வைத்த தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கி, சொட்டுச் சொட்டாக வடியும் அளவுக்கு மட்டும் பிழிந்து வைப்பார்கள். முழுவதும் பிழிந்துவிட்டால் காரம் வெளியே போய்விடும்; பிழியாமல் விட்டால் அடுக்கு நிற்காது. பிறகு துணிகளைத் திரியாக முறுக்கி, பானையின் வாயைச் சுற்றி வட்டமாக அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கி, ஒரு சிறிய வைக்கோல் போர் போலக் கட்டுவார்கள். நடுவில் ஆவி ஏறுவதற்கு வழி இருக்கும். முரட்டுத் துணிகள் அடியில் போகும், மெல்லிய வேட்டிகள் மேலே. எல்லாவற்றையும் மூடிப் பழைய ஜமுக்காளமோ சாக்கோ போர்த்திவிட்டு, இருட்டும் நேரத்தில் அடுப்பில் தீ வைப்பார்கள். தீ நிதானமாக இரவு நெடுக எரியும். உச்சியில் போர்த்திய சாக்கின் வழியாக ஆவி கசிந்து, ஈரமண்ணும் வெந்த துணியும் கலந்த ஒரு மணம் தெருவரை வரும்.

ஒரு முறை நான் அருகில் நின்று, "தாத்தா, இன்னும் நல்லா எரிச்சா சீக்கிரம் வெந்துருமே" என்றேன். அவர் தலையசைத்து, "துணி வேவணும்யா, கரியப்படாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருந்தது என்பது ஆலையில் சேர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஊரில் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லியே அழைத்த காலம் அது. அறுவடையில் களத்து நெல்லும், அன்றாடம் வீட்டு வாசலில் வாங்கிய சோறுமே கூலி. அத்தனை நுட்பம் தெரிந்த ஒரு மனிதரை ஓர் ஊரே அப்படி நடத்தியதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

உவர்மண்ணைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளாவியின் பாதி அதில் இருக்கிறது. கோடையில் சில நிலங்களின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்து நிற்பதை 'உவர் பூத்திருக்கிறது' என்போம். மண்ணுக்குள் இருக்கும் உப்புகள் நீரோடு மேலேறி, நீர் ஆவியானதும் தங்கிவிடுபவை அவை. வெளுப்பதற்கு உதவும் உவர்மண்ணில் முக்கியமானவை சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் கறியுப்பு மிகுந்த மண் இதற்கு உதவாது. காரம் மிகுந்த மண் வேண்டும். தெரிந்தவர்கள் நாவில் வைத்தே வேறுபாடு கண்டுவிடுவார்கள்: கறியுப்பு கரிக்கும், கார மண் வழவழத்துச் சவுக்காரச் சுவை தரும். கடற்கரைப் பக்கம் வளரும் உமரி போன்ற செடிகளின் சாம்பலிலும் இதே சோடியம் காரம் உண்டு.

இங்கே ஒரு வேதியியல் நுணுக்கம் இருக்கிறது. பைகார்பனேட் மென்மையான காரம். ஆனால் அதன் கரைசல் சூடாகும்போது கரியமில வாயு வெளியேறி, அது கார்பனேட்டாக மாறுகிறது. காரத்தின் வீரியம் கூடுகிறது. ஆகவே குளிர்ந்த உவர்நீரில் வெறுமனே ஊற வைத்த துணிக்குக் கிடைக்காத ஒரு வலிமை, ஆவியில் இருக்கும் துணிக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. சூடேறிய அந்தக் காரம் எண்ணெய்ப் பசையைச் சவுக்காரமாக்குகிறது. அந்தச் சவுக்காரம் உருகிய மெழுகைப் பொடிப்பொடியாகப் பிரித்துத் தண்ணீரில் கலந்து போகச் செய்கிறது. வெளியிலிருந்து சோப்பு எதுவும் வேண்டாம். துணியில் இருக்கும் அழுக்கே தன்னைக் கழுவும் சோப்பாக மாறுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

உவர் பூத்த களர் நிலத்துக்கும் வெளுப்புக்கும் உள்ள தொடர்பு நம்மவர்க்கு மிகப் பழையது. புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார், "களர்ப்படு கூவல் தோண்டி நாளும் புலைத்தி கழீஇய தூவெள் அறுவை" என்கிறார். களர் நிலத்தில் கிணறு தோண்டி, அந்த நீரில் நாள்தோறும் ஒரு பெண் வெளுத்துக் கொடுத்த தூய வெள்ளாடை என்பது பொருள். நல்ல தண்ணீர்க் கிணறு என்று சொல்லாமல் களர்ப்படு கூவல் என்று சொன்னது தற்செயல் அன்று என்பது, துணி வெளுக்கும் தொழிலை அறிந்த யாருக்கும் படித்த உடனே தெரியும். ஆவியில் வைத்தார்கள் என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. காரநீரின் பயனை அறிந்திருந்தார்கள் என்ற அளவுக்கு மட்டும் அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

இனி ஆவிக்கு வருவோம். அதே காரநீரை அண்டாவில் ஊற்றித் துணியைப் போட்டுக் கொதிக்க வைத்தால் போதாதா, இத்தனை அடுக்கு எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டதுண்டு. கொதிக்க வைப்பதென்றால் துணி முழுவதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும், அவ்வளவு தண்ணீருக்கும் போதிய காரமும், அத்தனையையும் சூடாக்க விறகும் வேண்டும். வெள்ளாவியில் துணி தாங்கிக்கொண்டிருக்கும் அளவு காரநீர் மட்டுமே போதும். சூடாக வேண்டிய தண்ணீர் பானையில் உள்ளது மட்டுமே. ஆவி எந்தத் துணியில் குளிர்ந்து நீராகிறதோ அந்த இடத்தில் தன் வெப்பத்தை முழுவதும் கொடுத்துவிடுவதால், அடுக்கின் அடியும் உச்சியும் ஏறத்தாழ ஒரே சூட்டுக்கு வந்துவிடுகின்றன. அண்டாவில் அடியில் கிடக்கும் துணி உலோகத்தில் ஒட்டிப் பழுப்பது போல இங்கே நடப்பதில்லை.

போர்வைக்கும் காரணம் உண்டு. சூடான காரம் ஏறிய பருத்தியின் மேல் காற்று பட்டால், காற்றிலுள்ள ஆக்சிஜன் செல்லுலோஸைத் தாக்கி இழையை நைந்துபோகச் செய்யும். ஆலையில் கியர் என்னும் பெரிய இரும்புக் கலத்தில், காஸ்டிக் சோடாக் கரைசலில் துணியை அழுத்தத்தோடு 8 முதல் 12 மணி நேரம் வேக வைப்போம். அதை மூடி அழுத்தம் ஏற்றுவதற்கு முன், உள்ளே இருக்கும் காற்றை ஆவியால் முற்றாக வெளியேற்ற வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். ஒரு முறை அதில் கவனம் தவறியதால் ஒரு கலம் துணியில் மேலடுக்கு முழுவதும் வலுவிழந்து, இழுத்தால் காகிதம் போலக் கிழிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சாக்குப் போர்வை நினைவுக்கு வந்தது. அடுப்பை நிதானமாக எரிக்கச் சொன்னதும் அதே கவலையால்தான்: பானைத் தண்ணீர் வற்றினால் ஆவி நின்று உலர்ந்த சூடு ஏறும், உலர்ந்த சூட்டில் காரம் துணியைத் தின்றுவிடும். வேகவேண்டும், கரியக்கூடாது.

இன்றைய பெரிய ஆலைகளில் துணியைத் துண்டு துண்டாகக் கியரில் அடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் காரமும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வெளுப்புப் பொருளும் கலந்த தொட்டியில் நனையும், உருளைகளுக்கிடையே அளவாகப் பிழியப்படும், பிறகு ஆவி நிறைந்த அறைக்குள் அடுக்கடுக்காக விழுந்து குறிப்பிட்ட நேரம் தங்கி வெளியே வரும். நனை, அளவாகப் பிழி, காற்றுப் படாமல் ஆவியில் தங்க வை. இயந்திரம் புதிது, முறை அந்த மருத மரத்தடியில் நடந்ததேதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெள்ளாவியை 'பழைய காலத்துத் துணி அவிப்பு' என்று அகராதியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள், அது முழுமையான ஒரு தொழில்முறை என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விடிந்ததும் அடுக்கைப் பிரித்து, சூடு ஆறுவதற்குள் ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். அவிழ்ந்த மெழுகும் அழுக்கும் குளிர்ந்து மறுபடியும் இழையில் படிந்துவிடுவதற்கு முன் அலசிவிட வேண்டும். கல்லில் அடித்து அலசும்போது முதலில் வரும் தண்ணீர் கறுப்புத் தேயிலைச் சாறு போல இருக்கும். இந்த இடத்தில் தாமிரபரணிக்கு ஒரு பங்கு உண்டு. பொதிகையிலிருந்து காட்டு வழியே இறங்கி வரும் அந்தத் தண்ணீர், பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கங்களில் மென்னீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் சவுக்காரம் நுரைக்காமல் திரிந்து, சாம்பல் நிறப் படிவாகத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளாவி உண்டாக்கிய சவுக்காரத்துக்கும் இதே கதிதான். ஆற்றில் வெளுத்த வேட்டிக்கும் கிணற்றில் வெளுத்த வேட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரில் யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

அலசிய துணி உடனே காயப் போடப்படுவதில்லை. மணலிலோ புல்லிலோ விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஈரமும் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, எஞ்சியிருக்கும் நிறப்பொருளைச் சிதைக்கின்றன. காய்ந்த துணியில் இது மிக மெதுவாகவே நடக்கும், அதனால்தான் தெளிப்பு. ஐரோப்பாவிலும் பழைய முறை இதற்கு மிக நெருக்கமானதுதான்: மரச்சாம்பல் காரத்தில் வேக வைப்பது, புல்வெளியில் விரிப்பது, புளித்த மோரில் தோய்ப்பது என்று மாறி மாறிச் செய்து, ஒரு லினன் துணியை வெளுக்கப் பல மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள். 1785இல் பெர்தோலே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் குளோரினால் துணியை வெளுக்கலாம் என்று காட்டியதும், 1799இல் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றதும்தான் அந்த மாதக் கணக்கை நாள் கணக்காக்கின.

இங்கே உங்கள் நோட்டின் அந்த வரிக்கு வந்துவிடலாம். "கோடி வேட்டி 1, வெள்ளாவி 3" என்பது மூன்று துணி அன்று, மூன்று முறை. ஏற்கெனவே வெளுத்து உடுத்திய வேட்டிக்கு ஒரு வெள்ளாவி போதும். அதிலிருந்து போக வேண்டியது வியர்வையும் எண்ணெயும் புழுதியும் மட்டுமே. தறியிலிருந்து வந்த கோடியில் பிறவி மெழுகும் பாவுப் பசையும் சேர்ந்திருப்பதால், ஒரே வெள்ளாவியில் அது முழுவதும் திறவாது. முதல் வெள்ளாவியில் பசை இளகும், அடுத்ததில் மெழுகு போகும், மூன்றாவதற்குப் பிறகு போடும் வெயிலில்தான் உண்மையான வெண்மை ஏறும். ஒவ்வொரு முறைக்கும் தனிக் கூலி என்பதால் உங்கள் தாத்தா எண்ணிக் குறித்து வைத்திருக்கிறார். மற்ற வரிகளில் "வெள்ளாவி 11" என்பது பதினொரு உருப்படி. "சாதா" என்பது ஆவியில் வைக்காமல் வெறுமனே துவைத்துத் தந்தவை. கஞ்சி என்று தனியாக ஐந்து எழுதியிருப்பவை, அந்தப் பதினொன்றுக்குள்ளேயே கஞ்சி போடச் சொன்ன வேட்டிகளாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் சாதாத் துவைப்புக்குப் போன துணிக்குக் கஞ்சி போடும் வழக்கம் பொதுவாக இல்லை.

சாதாவில் எவை போயிருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். பட்டும் கம்பளியும் ஒருபோதும் வெள்ளாவிக்குப் போகா. அவை புரத இழைகள், சூடான காரத்தில் கெட்டுப்போகும். சாயத் துணிகளில் பெரும்பாலானவை போகா. மேலப்பாளையத்துக் கைலியையோ சங்கரன்கோவில் பக்கத்துக் கட்டம் போட்ட சேலையையோ வெள்ளை வேட்டிகளோடு அடுக்கினால் அடுக்கு முழுவதும் நாசம். கரை வைத்த வேட்டிகள் மட்டும் போகும், கரையின் சாயம் காரத்தைத் தாங்குவதாக இருந்தால். சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் தாங்கும் என்பதால்தான் பழைய வேட்டிக் கரைகளில் அவை நிலைத்தன; கரையின் நிறத்தைத் தீர்மானித்ததில் வெள்ளாவிக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

வெள்ளாவி வீட்டுச் சலவைக்கு மட்டும் உரிய சொல்லாக இருந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அங்கிருந்து முத்தோடும் சங்கோடும் பருத்தித் துணியையும் ஏற்றுமதி செய்தார்கள். அக்காலத்து ஐரோப்பியக் கம்பெனிகளின் கணக்குகளில் ஒரே துணி வெளுத்தது, வெளுக்காதது என்று இரண்டாகப் பிரிந்து வரும். ஆங்கிலேயர் வெளுக்காததைப் பழுப்பு என்ற பொருளில் 'பிரௌன்' என்றே எழுதினார்கள். நெசவாளருக்கும் கப்பலுக்கும் இடையில் வெளுப்பவர் ஒருவர் இருந்தார். துணியின் தரமும் விலையும் அவர் கையிலும் இருந்தன. வரலாறு எழுதுகிறவர்கள் நெசவாளரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், வெளுத்தவரைப் பற்றிப் போதிய அளவு எழுதவில்லை.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவி நீரின் விசையைக் கொண்டு பஞ்சாலை நிறுவியதிலிருந்து இங்கே ஆலை நூல் வந்தது. ஆலையில் வெளுத்த துணியும் கடைக்கு வரத் தொடங்கியபின் கோடியை வீட்டில் வெளுக்க வேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. உவர்மண்ணின் இடத்தைச் சலவை சோடா பிடித்தது. உவர் பூத்த இந்தச் சீமையிலேயே இன்று ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் கடலுப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்கிறார்கள். சலவை சோடா வந்தது குறையன்று; அது உவர்மண்ணில் இருந்த அதே பொருள், மண் கலவாமல் கிடைத்தது. எனக்கு வருத்தம் தருவது அடுத்து வந்த மாற்றம்தான். பிளீச்சிங் பவுடர் மலிவானபோது, வெள்ளாவி வைக்காமலே அந்தப் பெயரில் கூலி வாங்குவது சில இடங்களில் வழக்கமாயிற்று. என் தம்பி கல்யாணத்துக்கு முன், எட்டு முழ வேட்டி இரண்டை வெள்ளாவிக்கென்று ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். வெள்ளை கண்ணைப் பறித்தது. ஆனால் மடிப்பைப் பிரித்தபோது நீச்சல் குளத்து வாடை. மூன்றாம் துவைப்பில் மடித்த கோடு நெடுகக் கிழிந்தது. குளோரின் கரைசல் காரத்தன்மை நீங்கி நடுநிலைக்கு வரும்போதுதான் செல்லுலோஸை மிகக் கடுமையாகத் தாக்கும். சரியாக அலசாமல், குளோரினை முறிக்காமல் உலர்த்திய துணியில் அந்தத் தாக்குதல் மடிப்புக்குள்ளேயே தொடர்ந்து நடந்திருக்கிறது. வெள்ளாவியில் வெந்த துணிக்கு அந்த வாடை இருக்காது; வெண்மையும் கண்ணைக் கூசச் செய்யாமல், சற்றே பால் கலந்தது போல இருக்கும். நீலம் அளவாகப் போட்டிருந்தால் அந்தப் பால் நிறமும் மறையும்.

வழக்கில் இந்தச் சொல்லோடு சேரும் வினை 'வை' என்பதே. வெள்ளாவி வைத்தான், வெள்ளாவியில் வைத்த வேட்டி, வெள்ளாவிக்குப் போட்டிருக்கிறேன் என்பவை சரியான ஆட்சிகள். வெள்ளாவி துவைத்தான், வெள்ளாவி தேய்த்தான் என்று இப்போது சிலர் எழுதுவது பொருந்தாது. கோடிக்கும் வெள்ளாவிக்கும் உள்ள எதிர்நிலையும் வழக்கில் தெளிவாக இருந்தது. நல்ல காரியத்துக்கு மூலையில் மஞ்சள் தடவி உடுத்துவதும், துக்க வீட்டில் போடுவதும் கோடி. அதில் தண்ணீரே பட்டிருக்கக் கூடாது. சடங்குகளில் சலவைத் தொழிலாளர் கொண்டு வந்து விரிக்கும் மாற்று, வெளுத்த துணி. ஒன்று தறியின் தூய்மை, மற்றது துறையின் தூய்மை. இரண்டையும் நம் ஊர் மாற்றிப் பயன்படுத்தியதில்லை.

அந்த மூன்று வெள்ளாவி கண்ட வேட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருக்குமானால், அதன் ஓர் ஓரத்தில், கரைக்கு அடுத்தாற்போல், கறுப்பாக இரண்டு மூன்று புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். அது சேங்கொட்டைப் பாலால் இட்டுச் சுண்ணாம்பு வைத்து நிலைக்கச் செய்த குறி. அடுக்கில் கலந்த பல வீட்டுத் துணிகளில் எது யாருடையது என்று அறிவதற்காக வெளுப்பவர் இட்டது. காரத்திலும் ஆவியிலும் எளிதில் போகாத கறுப்பு அது என்பதால், வேட்டி மஞ்சளித்துப் போயிருந்தாலும் குறி அப்படியே இருக்கும். ஒரே குடும்பத்துக்குத் தலைமுறையாக ஒரே குறியை இடுவது வழக்கம் என்பதால், பெட்டியில் உள்ள மற்றத் துணிகளிலும் அதே குறி இருந்தால், நோட்டில் உள்ள கணக்கு எந்தத் துணிகளைப் பற்றியது என்பதை அதைக் கொண்டே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.